தும்பாடும் நம் வீட்டுப் பவுனும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மாதம் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியதும் மூத்த தோழர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். விலைவாசி இருக்கிறது, வேலையின்மை இருக்கிறது, குடிசைப் பகுதி மக்களின் வீட்டுரிமை இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பூதத்தைப் பற்றியா பேசுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பகுத்தறிவு பேசும் மேடையில் பூதத்துக்கு என்ன வேலை?

நம் பதில் இதுதான். பூதம் இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பூதக் கதையைச் சொல்கிறவன் இருக்கிறான், கேட்கிறவன் இருக்கிறான். புதையலைப் பூதம் காக்கிறது என்று நம் ஊர்களில் சொன்னார்களே, அது ஏன்? புதையல் யாருடையது, அது மண்ணுக்குள் எப்படிப் போனது என்று எவனும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். பூதத்தை ஒதுக்கிவிட்டால் சொத்தின் கதையில் பாதியை ஒதுக்கியவர்கள் ஆவோம். ஆகவே பூதத்தைப் பார்த்துப் பயப்படாமலும், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகாமலும், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இன்று பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொண்ட படம் ‘தும்பாட்’. இந்திப் படம், ஆனால் கதை நடப்பது நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணில். இயக்கியவர் ராஹி அனில் பர்வே. ஆனந்த் காந்தி படைப்பு இயக்குநராகவும் ஆதேஷ் பிரசாத் இணை இயக்குநராகவும் இருந்தார்கள். முக்கிய வேடத்தில் நடித்துத் தயாரிப்பிலும் பங்கேற்றவர் சோஹம் ஷா. 2018 அக்டோபர் 12 அன்று திரைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் வெனிஸ் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது. இங்கே அரங்குகளில் சுமாராகத்தான் ஓடியது. ஆனால் பார்த்தவர்கள் அதை விடவில்லை. நண்பர்களிடம் சொன்னார்கள், நண்பர்கள் வீட்டிலேயே இணையம் வழியாகப் பார்த்தார்கள், அவர்கள் வேறு நால்வருக்குச் சொன்னார்கள். ஆறாண்டு கழித்து 2024 செப்டம்பர் 13 அன்று மறுபடியும் திரையிட்டபோது, முதல் முறை வசூலித்ததை விட அதிகமாக வசூலித்தது. ஒரு படம் தன் இரண்டாம் வருகையில் முதல் வருகையைத் தோற்கடிப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. அதில் ஏதோ மக்களைத் தொட்டிருக்கிறது. எது என்பதுதான் நம் கேள்வி.

பசித்திருக்கும் பொன்

படத்தைப் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறோம். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னியுங்கள்.

பூமியையே கருவறையாகக் கொண்ட ஒரு தாய்த் தெய்வம். அளவற்ற பொன்னும் அளவற்ற தானியமும் அவளுடையவை. அவளுடைய மூத்த பிள்ளை ஹஸ்தர். அவனுக்கு எல்லாப் பொன்னும் வேண்டும், எல்லாத் தானியமும் வேண்டும். பொன்னைப் பிடுங்கிக்கொண்டான். தானியத்தின் மேல் கை வைத்தபோது மற்றத் தேவர்கள் பாய்ந்து அவனை அழிக்கப் பார்த்தார்கள். தாய் காப்பாற்றினாள், ஆனால் ஒரு நிபந்தனை: அவனை யாரும் வழிபடக் கூடாது, அவன் பெயரே மறக்கப்பட வேண்டும். அன்றிலிருந்து அவன் தாயின் கருவறைக்குள் கிடக்கிறான். இடுப்புத் துணி நிறையப் பொற்காசு. வயிறு நிறையப் பசி.

இது எந்தப் புராணத்திலும் உள்ள கதை அல்ல. படத்துக்காகக் கட்டிய கதை. ஆனால் கட்டியவர்கள் சாமானியர்கள் அல்லர். பொன்னை எல்லாம் பிடித்து வைத்திருப்பவனுக்கு ஒரு பிடி மாவு கிடைக்கவில்லை என்று அமைத்தார்களே, அந்த ஒரு புள்ளியில்தான் படத்தின் உயிர் இருக்கிறது.

தும்பாட் என்ற ஊரில் ஒரு குடும்பம், விலக்கப்பட்ட அந்த ஹஸ்தருக்குக் கோயில் கட்டியது. தேவர்களின் கோபம் ஓயாத மழையாகப் பெய்கிறது. கதை மூன்று காலங்களில் நடக்கிறது: 1918, 1933, 1947.

1918-ல் ஒரு முதிய நிலப்பிரபு. ‘சர்க்கார்’ என்றுதான் அவரை அழைக்கிறார்கள். அவருக்குப் பணிவிடை செய்யும் ஒரு பெண், அவளுக்கு இரண்டு சிறுவர்கள். பணிவிடை என்றால் எல்லாப் பணிவிடையும்தான். என்றாவது ஒரு நாள் ஒரே ஒரு பொற்காசு கிடைக்கும் என்பது அவளுடைய நம்பிக்கை. வீட்டில் ஓர் அறையில் சங்கிலியில் கட்டிக் கிடக்கிறாள் கிழவி ஒருத்தி. ஹஸ்தர் தீண்டியதால் சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் அழுகிக் கிடப்பவள். அவளுக்கும் சோறு போட வேண்டும். சர்க்கார் இறக்கிறார்; இளைய மகன் மரத்திலிருந்து விழுந்து சாகிறான். தாய் ஒரு காசோடு மூத்தவன் விநாயகனை அழைத்துக்கொண்டு புனேவுக்குப் போகிறாள். இனி இந்த ஊருக்குத் திரும்புவதில்லை என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள்.

1933-ல் விநாயகன் சத்தியத்தை மீறித் திரும்புகிறான். கிழவியின் உடலிலிருந்து மரமே முளைத்திருக்கிறது. உயிர் மட்டும் போகவில்லை. தன்னை எரித்து விடுவிக்க வேண்டும் என்ற பேரத்தின் பேரில் அவள் வழி காட்டுகிறாள். கிணற்றின் அடியில் தாயின் கருவறை. மாவினால் பொம்மை செய்து எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். சுற்றி மாவினால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஹஸ்தர் பொம்மையைத் தின்னும் அந்தச் சில நொடிகளில் அவன் இடுப்புத் துணியிலிருந்து விழும் காசுகளைப் பொறுக்கிக்கொண்டு கயிற்றில் ஏறித் தப்ப வேண்டும். ஒரு பொம்மைக்குக் கைப்பிடிக் காசு. விநாயகன் பணக்காரன் ஆகிறான். காசு தீர்ந்ததும் மறுபடியும் இறங்குகிறான்.

1947-ல் அவன் தளர்ந்துவிடுகிறான். மகன் பாண்டுரங்கனுக்கு வித்தையைக் கற்றுக்கொடுக்கிறான். கயிற்றில் எப்படி இறங்குவது, எவ்வளவு வேகமாக ஏறுவது என்று பயிற்சி. நாடு விடுதலை பெறுகிறது. தும்பாட் மாளிகையைப் புதிய அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது. இனிக் கைப்பிடிக் காசு போதாது, இடுப்புத் துணியையே உருவிவிடலாம் என்று மகன் யோசனை சொல்கிறான். நிறைய பொம்மைகளை எடுத்துச் செல்கிறார்கள். ஒரு பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் என்று எண்ணற்ற ஹஸ்தர்கள் எழுகிறார்கள். மகனைக் காப்பாற்றத் தந்தை பொம்மைகளைத் தன் உடலில் கட்டிக்கொண்டு அவர்களைத் தன் பக்கம் இழுக்கிறான். வெளியே வந்தபோது அவனும் அழுகும் பிணம். ஆனால் கையில் அந்தத் துணி இருக்கிறது. மகனிடம் நீட்டுகிறான். மகன் வாங்க மறுக்கிறான். தந்தைக்குத் தீ மூட்டுகிறான்.

கதை அவ்வளவுதான்.

மழையும் இருட்டும்

படத்தின் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போவோம். 2012-ல் படப்பிடிப்புத் தொடங்கியது, நின்றது, மீண்டும் எழுதி மீண்டும் எடுத்தார்கள். பல மழைக்காலங்கள் காத்திருந்து எடுத்த படம் இது. பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவில் விளக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் வெளிச்சம். மற்ற இடமெல்லாம் உண்மையான இருட்டு. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒலி வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. பாண்டுரங்கனாக நடித்த சிறுவன் முகமது சமத் தான் கிழவியின் வேடத்தையும் முகம் தெரியாத ஒப்பனையில் ஏற்றான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பேராசையில் அழுகிக் கிடக்கும் பழைய தலைமுறையும், அதை உதறிவிட்டு நடக்கும் புதிய தலைமுறையும் ஒரே உடல்! எண்ணிச் செய்தார்களோ, வசதிக்குச் செய்தார்களோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

பேராசையா, நில உடைமையா?

தோழர்களே, படம் காந்தியாரின் ஒரு கருத்தோடு தொடங்குகிறது. மனிதர்களின் தேவைக்குப் போதுமானது உலகில் உண்டு, பேராசைக்குப் போதுமானது இல்லை என்ற பொருள் கொண்ட கருத்து. பார்த்தவர்களில் பெரும்பாலோர் பேராசை கூடாது என்ற நீதியோடு வீட்டுக்குப் போகிறார்கள். நல்ல நீதிதான். ஆனால் பேராசை கூடாது என்ற நீதியைக் கேட்டு எந்தப் பேராசைக்காரனும் திருந்தியதாக நமக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லாம் ஏழைகள். தம்மிடம் இருந்த சின்ன ஆசையையும் விட்டவர்கள் அவர்களே.

முதல் அத்தியாயத்தில் வரும் தாயை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்டது ஒரு காசு. ஆண்டுக்கணக்காக ஒரு முதியவரின் எல்லாத் தேவைக்கும் உடம்பைக் கொடுத்தவள். பிசாசாகிப்போன கிழவிக்குச் சோறு போட்டவள். அவள் கேட்ட காசு பேராசையா? அது கூலி. கொடுக்காமல் இழுத்தடித்த கூலி. அவளுடைய மகன் அதே காசைப் பின்னாளில் அள்ளும்போது அது கூலி அல்ல. உழைக்காமல் வரும் வருமானம். அதே பொன், அதே முத்திரை. ஆனால் ஒன்று நியாயம், மற்றொன்று கொள்ளை. இந்த வேறுபாட்டைப் படம் பார்ப்பவர் கவனிக்காமல் போய்விட்டால் தாயையும் மகனையும் ஒரே தராசில் நிறுத்திவிடுவார்.

இப்போது தும்பாட் என்ற பெயருக்கு வருவோம். இது கற்பனைப் பெயர் அல்ல. கொங்கணத்தில் இரத்தினகிரி மாவட்டத்தில் அந்த ஊர் உண்டு. மராட்டி எழுத்தாளர் ஸ்ரீ. நா. பெண்ட்சே 1987-ல் எழுதிய ‘தும்பாட்சே கோத்’ என்ற பெரிய நாவல் ஒரு ‘கோத்’ குடும்பத்தின் பல தலைமுறை வரலாற்றைச் சொல்வது. படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. பயங்கரக் கதைக்கான முதல் பொறி, திகில் கதைகளுக்குப் பெயர்பெற்ற மராட்டி எழுத்தாளர் நாராயண் தாரப்பிடமிருந்து வந்தது.

‘கோத்’ என்றால் யார்? கொங்கணத்தில் அரசுக்கும் உழவனுக்கும் நடுவே நின்ற பரம்பரை வரி வசூல்காரர். அரசுக்குக் கட்ட வேண்டியது இவ்வளவு என்று வரையறை உண்டு. உழவனிடம் வாங்குவதற்கு நடைமுறையில் வரையறை இல்லை. நெல்லில் பங்கு, அதற்கு மேல் சில்லறைப் பிடித்தங்கள், கோத் வீட்டில் வெட்டி வேலை. ஏர் பிடிக்காமல், நாற்று நடாமல், கருக்கரிவாளைத் தொடாமல், வம்சம் வம்சமாக வந்த வருமானம். கிணற்றுக்குள் இறங்கிக் கைப்பிடிக் காசை எடுத்து வந்து புனேவில் செலவழிக்கும் விநாயகனைப் பார்க்கும்போது நமக்கு இந்தக் கோத்துகள் நினைவுக்கு வருகிறார்கள். அவனும் எதையும் விளைவிக்கவில்லை. தீரத் தீர எடுத்து வருகிறான். எடுக்கிற வித்தையைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறான்.

படத்தில் இல்லாத மனிதர்

இங்கேதான் நாம் படத்தோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. அன்போடு போடும் சண்டை.

ஹஸ்தருக்கு வேண்டியது மாவு. விநாயகன் மாவைப் பிசைகிறான், பொம்மை செய்கிறான், வட்டம் போடுகிறான். அந்த மாவு எங்கிருந்து வந்தது? யார் விளைவித்த தானியம்? ஓயாமல் மழை பெய்யும் ஊரில் எவன் உழுதான்? படம் முழுவதும் வயலில் நிற்கும் ஒரு மனிதர் நம் மனத்தில் நிற்கிற மாதிரி இல்லை. பொன் வைத்திருப்பவன் உண்டு, பொன்னைத் திருடுபவன் உண்டு, பொன்னுக்கு வட்டிக்காரன் உண்டு, அபினி வியாபாரத்துக்கு உரிமம் தரும் வெள்ளைக்கார அதிகாரி உண்டு. தானியத்தை விளைவித்தவன் மட்டும் இல்லை. பொன்னைத் தின்ன முடியாது என்பதைத் தெய்வமே ஒப்புக்கொள்ளும் கதையில், தின்பதற்கானதைத் தந்தவன் காணாமல் போய்விட்டான்.

படத்தின் இரண்டாம் அத்தியாயம் நடக்கும் ஆண்டைக் கவனியுங்கள்: 1933. அதே 1933-ல், அதே கொங்கணக் கடற்கரையில், அலிபாக் வட்டத்துச் சரி என்னும் ஊரில் என்ன நடந்தது தெரியுமா? நாராயண் நாகு பாட்டீல் தலைமையில் குத்தகை உழவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். கோத்துகளின் நிலத்தை இனி உழுவதில்லை என்றார்கள். ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்வதைப் பார்த்திருக்கிறோம்; உழவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! ஒரு பருவம் அல்ல, இரண்டு பருவம் அல்ல. 1939 வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வயல்கள் தரிசாகக் கிடந்தன. விறகு விற்றும் கிடைத்த வேலையைச் செய்தும் பட்டினி கிடந்தும் அவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பொன்னும் பத்திரமும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆறு ஆண்டுகளும் நெல் வரவில்லை. ஹஸ்தரின் பசி என்றால் என்ன என்று கோத்துகள் அப்போதுதான் கண்டிருப்பார்கள்.

அண்ணல் அம்பேத்கர் கோத்தி முறையை ஒழிக்க 1937 செப்டம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவருடைய முன்னோர் ஊரான அம்படவேயும் அதே இரத்தினகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணின் கொடுமையை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். 1938 சனவரியில் கொங்கணத்து உழவர்கள் ஆயிரக்கணக்கில் பம்பாய் நகரத்துக்கு வந்து சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். நாம் இன்று நடக்கும் தெருக்களில் அவர்கள் நடந்தார்கள். அந்த மசோதா அன்று நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பிறகுதான், 1949-ம் ஆண்டுச் சட்டத்தால் கோத்தி முறை ஒழிக்கப்பட்டது.

ஆக, தும்பாட் மாளிகையின் காலம் முடிந்தது 1947-ல் ஒரு மகன் தந்தைக்குத் தீ மூட்டியதால் அல்ல. உழவர்கள் ஏரை நிறுத்தியதால், ஊர்வலம் போனதால், சட்டம் வந்ததால் முடிந்தது. படம் ஒரு குடும்பத்தின் நோயைக் காட்டியது. அந்த நோய்க்கு மருந்து போட்ட கூட்டத்தைக் காட்டவில்லை. இதைச் சொல்லுவது படத்தைக் குறைத்துப் பேச அல்ல. ஒரு படம் எல்லாவற்றையும் காட்ட முடியாது. அது காட்டாததைப் பார்த்தவர்கள் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் சங்கம், அதற்குத்தான் இந்த மேடை.

பின்னால் வந்த படங்கள்

இந்தப் படத்தின் செல்வாக்கு என்ன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். முன்னே இருந்ததோடு ஒப்பிட்டால்தான் அது விளங்கும். 1970-களிலும் 80-களிலும் ராம்சே சகோதரர்கள் எடுத்த இந்திப் பேய்ப் படங்களை நம்மில் வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். 1984-ல் வந்த ‘புரானா மந்திர்’ பெரிய வெற்றி. அவற்றிலும் பழைய மாளிகை உண்டு, சாபம் உண்டு. ஆனால் சாபம் வெளியிலிருந்து வரும். ஒரு கொடிய பூதம் நல்ல குடும்பத்தைச் சபிக்கும். கடைசியில் பூதம் அழியும். குடும்பமும் அதன் சொத்தும் பத்திரமாக இருக்கும்.

‘தும்பாட்’ இதைத் தலைகீழாக்கியது. இங்கே சாபம் குடும்பத்தின் எதிரி அல்ல, குடும்பத்தின் பிழைப்பு. சாபத்தைத் தேடிப் போய், அதற்குத் தீனி போட்டு, அதிலிருந்து வருமானம் எடுக்கிறார்கள். பூதம் ஓட வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை. ஓடிவிட்டால் காசு நின்றுவிடும். நம் நாட்டுத் திகில் படத்தில் இது பெரிய மாற்றம்.

அதன் பிறகு வந்தவற்றைப் பாருங்கள். 2020-ல் அன்விதா தத்தின் ‘புல்புல்’ வங்காளத்து ஜமீன் வீட்டுக்குள் நடந்த கொடுமையைப் பேய்க்கதையாகச் சொன்னது. 2022-ல் ரிஷப் ஷெட்டியின் ‘காந்தாரா’ கன்னடக் கடற்கரையின் பூதக்கோலத்தையும் நிலத் தகராறையும் ஒன்றாகக் கட்டியது. 2024-ல் ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் ‘பிரமயுகம்’, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வரும் ஒரு பாணன் ஒரு பழைய மனையின் தலைவனிடம் சிக்கிக்கொள்வதைக் கறுப்பு வெள்ளையில் காட்டியது; மம்மூட்டி அந்தத் தலைவனாக நடித்தார். அதே ஆண்டு வந்த ‘முஞ்யா’ மறுபடியும் கொங்கணத்து நம்பிக்கை ஒன்றையே எடுத்துக்கொண்டது.

இவை எல்லாம் ‘தும்பாட்’ பெற்ற பிள்ளைகள் என்று சொன்னால் அது பொய். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த மண்ணில் வேர் உண்டு. ஆனால் வட்டாரக் கதையை, வட்டார மழையை, வட்டாரக் கொடுமையை நம்பி ஒரு திகில் படம் எடுக்கலாம், அதை இந்தியா முழுவதும் பார்க்கும் என்ற தைரியம் ஒன்று பரவியது. அந்தத் தைரியத்தில் ‘தும்பாட்’டுக்குப் பங்கு உண்டு. அதை விட முக்கியம், பேய் குடியிருக்கும் முகவரி மாறியது. சுடுகாட்டிலும் புளியமரத்திலும் இருந்த பேயை, பண்ணை வீட்டின் உள்ளறையில் தேடத் தொடங்கினார்கள். ‘பிரமயுகம்’ ஒரு படி மேலே போனது. ‘தும்பாட்’டில் காணாமல் போன கீழே உள்ள மனிதனை அது கதையின் நடுவில் நிறுத்தியது. இந்தப் பாதையில் இன்னும் வர வேண்டிய படங்கள் உண்டு.

2024 செப்டம்பரில் மறுவெளியீடு நடந்தபோதே இரண்டாம் பாகமும் வரும் என்று அறிவித்தார்கள். ஒரு காசு போதும் என்று சொன்ன படத்துக்கே இரண்டாவது காசு வேண்டியிருக்கிறது! நகைச்சுவைக்காகச் சொல்கிறோம், யாரையும் குறை கூற அல்ல. சந்தைக்கும் ஹஸ்தரைப் போலத்தான் பசி.

நம் இடுப்புத் துணி

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். அங்கே வராமல் போனால் இந்தப் பேச்சால் பயன் இல்லை.

நாமும் ஊரை விட்டு வந்தவர்கள். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குத் தோல் பதனிட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அதே காலத்தில் இரத்தினகிரியிலிருந்து பரேலுக்கும் லால்பாக்குக்கும் நூற்பாலை வேலைக்கு வந்த கொங்கணத்துக்காரர்களும் கோத்தின் நெல் அளவைக்குத் தப்பி வந்தவர்களே. அவர்களும் நாமும் ஒரே காரணத்துக்காக ஒரே ஊருக்கு வந்தோம். நம் பாட்டன்மார் பண்ணையாரின் வாசலை விட்டுப் புறப்பட்டபோது, விநாயகனின் தாயைப் போல, இனி அந்தப் பழைய வாழ்வுக்குத் திரும்புவதில்லை என்று மனத்துக்குள் சத்தியம் செய்துகொண்டுதான் புறப்பட்டார்கள்.

அந்தச் சத்தியத்தை நாம் காத்தோமா?

பண்ணையாரை விட்டு வந்தோம். ஆனால் பண்ணையார் வீட்டுப் பழக்கத்தை இரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒரே சந்தில், ஒரே குழாயடியில், ஒரே கூரையடியில் வாழ்ந்துகொண்டு, பெண் கொடுக்கும்போது மட்டும் சாதி கேட்கிறோம். சாதி பொருந்திவிட்டால் அடுத்த கேள்வி என்ன? உங்களுக்கே தெரியும்.

‘எத்தனை பவுன் போடுவீங்க?’

பவுன்! அந்தச் சொல்லே வெள்ளைக்காரன் நாணயத்தின் பெயர். ஆட்சி போனது, நாணயம் போனது, சொல் மட்டும் நம் கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது. எட்டுக் கிராம் கொண்ட அந்தச் சொல்லின் கனத்தில் எத்தனை குடும்பங்கள் குனிந்து போயிருக்கின்றன! 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. ‘நாங்க கேக்கலை, அவங்களாப் பிரியப்பட்டுப் போடுறாங்க’ என்ற ஒரு வாக்கியத்தால் அந்தச் சட்டத்தை நாம் தினமும் தாண்டிப் போகிறோம்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பதினைந்து ஆண்டு ஒரு தகப்பன் உழைத்து, சீட்டுக் கட்டி, அடகு வைத்து, மீட்டு, மறுபடி அடகு வைத்துச் சேர்க்கும் பொன்னை, ஒரே நாளில் மாப்பிள்ளை வீடு எடுத்துக்கொள்கிறது. அதில் மாப்பிள்ளையின் உழைப்பு எத்தனை குண்டுமணி? இல்லை. அவன் கிணற்றுக்குள் இறங்குகிறான், அள்ளுகிறான், ஏறுகிறான். அவனுக்காகப் பிசைந்து வைத்த மாவுப் பொம்மை நம் வீட்டுப் பெண். இந்த வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? அவனுடைய தகப்பனும் தாயும், அதாவது நாம். நம் மகளுக்குப் போடும்போது அழுகிறோம். நம் மகனுக்கு வாங்கும்போது அதைக் கௌரவம் என்கிறோம். இரண்டும் ஒரே கயிறு. ஒருமுறை ஏறுகிறோம், ஒருமுறை இறங்குகிறோம்.

‘தும்பாட்’ படத்தின் உண்மையான பயங்கரம் கருவறைக்குள் இருக்கும் பூதம் அல்ல, தோழர்களே. வீட்டு முற்றத்தில் ஒரு தகப்பன் தன் சிறு மகனுக்கு இறங்கவும் ஏறவும் பயிற்சி கொடுக்கும் அந்தக் காட்சிதான். தகப்பனுக்கு மகன் மேல் அன்பு இல்லாமல் இல்லை; உயிரையே கொடுக்கிறான். ஆனால் அந்த அன்பு கொடுக்கத் தெரிந்தது அந்த ஒரு வித்தையைத்தான். கொடுமை எப்போதும் கொடியவர்கள் கையால் மட்டும் பரம்பரையாக வருவதில்லை. அன்பானவர்கள் கையால்தான் நன்றாக வருகிறது. அதனால்தான் அதை மறுப்பது இத்தனை கடினம்.

அந்தச் சிறுவன் மறுத்தான். காசு வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. முழுத் துணியையும் உருவலாம் என்று யோசனை சொன்னவனே அவன்தான். ஆனாலும் கடைசி நொடியில், தகப்பன் நீட்டிய கையில் எல்லாச் செல்வமும் இருந்தபோது, அதன் விலையை அவன் கண்ணால் பார்த்துவிட்டான். நம் பிள்ளைகளுக்கு அந்த விலையை நாமே காட்டிவிட்டால் என்ன? அவர்கள் கருகிய பிறகுதான் கற்க வேண்டுமா?

ஆகவே இந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு வேண்டுகோள். இந்தச் சங்கத்து உறுப்பினர் வீட்டுத் திருமணப் பேச்சில் பவுன் கணக்குக் கேட்பதில்லை, கேட்டால் சொல்வதில்லை என்று நாம் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட வேண்டிய தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இளைஞர்களைப் பார்த்துக் கேட்கிறோம்: பெண் பார்க்கப் போகிறவர்கள் நீங்கள்தான், உங்கள் தகப்பன்மார் அன்போடு நீட்டுவார்கள், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய் உங்களுடையது. பெரியவர்களைப் பார்த்துக் கேட்கிறோம்: நீட்டாமல் இருந்துவிடுங்கள், பிள்ளைக்கு அந்தச் சிரமத்தையும் மிச்சப்படுத்துங்கள்.

சரி ஊரின் உழவர்கள் ஆறு ஆண்டு ஏரை நிறுத்தினார்கள். நாம் ஒரு கேள்வியை நிறுத்த முடியாதா?